தீக்காயம்: இல்லை

கச்சான் தட்டுக்கும் மணிக்கடைக்கும் நடுவில்
எங்களுக்கொரு தறப்பாள் கொட்டில்.
மேசை ஒன்று, வாங்கு ஒன்று,
தீக்காயக் களிம்பு இருபத்து நான்கு டியூப்.
எண்ணிக் கையொப்பமிட்டு எடுத்து வந்தது.
மிஞ்சினால் எண்ணித் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

நான் பண்டாரவளைக்காரி.
இந்தக் கரைக்கு மாற்றலாகி ஐந்து மாதம்.
மணலில் சப்பாத்தோடு நடக்க
இன்னும் பழகவில்லை.

"இஞ்ச ஒருத்தருக்கும் சுடாது மிஸ்.
போன வரிசமும் நான் இந்த வாங்குலதான் படுத்துக் கிடந்த"
என்றார் அம்புலன்ஸ் சாரதி முபீத், சாய்ந்தமருது ஆள்.
சொல்லிவிட்டுக் கச்சான் வாங்கப் போனார்.

மூன்று மணிக்கு எல்லோரும் கடலுக்குப் போனார்கள்.
மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி,
கையில் வேப்பங்குழை, முன்னால் பறை.
கடற்கரை வீதி நெடுகப் பவுசரில் தண்ணீர் ஊற்றியிருந்தது,
தாரில் கால் சுடக்கூடாதென்று.
நெருப்பில் நடக்கப் போகிறவர்களுக்கு!
சிரிப்பை அடக்க நான்
பஞ்சுப் போத்தலைத் திறந்து மூடினேன்.

முழுகி வந்தார்கள்.
உப்பும் மஞ்சளும் ஒழுக ஒழுக வந்தார்கள்.
திரௌபதை உருவேறி ஆடிய ஆள்
கொட்டிலைத் தாண்டிப் போனவர்
கிறுகி வந்தார்.
மேசையில் வேப்பங்குழையால் ஓர் அடி.
டெட்டோல் மூடி உருண்டது.
"மகளே,
நீ பூட்டின கதவு
பூட்டினபடியே கிடக்கு."
அவ்வளவுதான். போய்விட்டார்.

முபீத் என் முகத்தைப் பார்த்தார்.
"குவாட்டர்சப் பூட்டிட்டு வந்தீங்கதானே மிஸ்?"
"ஓம்" என்றேன்.
வேறு எதையும் அவரிடம் சொல்லவில்லை.

தீ மிதிப்பை நான் பார்க்கவில்லை.
பார்த்தது முதுகுகளை.
ஒரு தகப்பனின் தோளில் இருந்த பிள்ளையின்
திறந்த வாயை.
ஊரே ஒரே தொண்டையாகி அரோகரா என்றபோது
சூடு மட்டும் வந்து
என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

வந்த நோயாளிகள்:
சவர்க்கார முட்டை ஊதி
கண்ணில் நுரை பட்ட ஒரு சிறுமி.
விரதத்தில் தலைசுற்றிய இரண்டு பேர்.
தலையிடிக்குப் பனடோல் கேட்ட ஐஸ்கிரீம்காரர்;
அவருடைய பாட்டுப்பெட்டிதான் எனக்கும் தலையிடி தந்தது.

ஒன்பதரைக்கு ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார்.
சேர்ட் போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை.
பெயர்? கண்ணமுத்து ஜெயதாசன்.
வயது? நாற்பத்தொன்று.
தொழில்? ஓட்டோ.
காலைத் தூக்கி வாங்கில் வைத்தார்.
பாதமெங்கும் சாம்பல். ஒரு கொப்புளம் இல்லை.
குதிக்காலில், ஆழமாக,
மட்டி ஓட்டின் ஒரு துண்டு.

"கடல்ல முழுகக்குள்ள குத்தின மிஸ்."
"இதோடயா நெருப்பில் நடந்தீங்க?"
"அப்ப தெரியல்ல. சேர்ட்டப் போட்டாப் பிறகுதான் நொந்த."

ஓட்டை எடுத்தேன். நகத்தளவு. உள்புறம் ஊதா.
ஏற்பூசிக்கு மருந்தை இழுத்தபோது
மனிதர் எழும்பிவிட்டார்.
"ஊசி வேணாம் மிஸ். சின்ன வயசில இருந்தே
ஊசியெண்டா எனக்குச் சரிவராது."
முபீத் அவர் தோளைப் பிடித்து
"அங்கால பாருங்க, அங்கால பாருங்க" என்றார்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அங்கால பார்த்தார்.

கட்டுப் போடும்போது கேட்டேன்:
"பின்னேரம் எனக்கு ஒன்று சொன்னீங்க, ஞாபகமா?"
"உங்களுக்கா? நானா?"
கொஞ்சம் பயந்து போனார்.
"என்ன சொன்ன? நல்லதா, கூடாததா?"
"தெரியல்ல" என்றேன்.
"மூன்று நாளைக்கு நனைக்கவேண்டாம்."

றெஜிஸ்டரில் எழுதினேன்:
மொத்தம் ஐவர். தீக்காயம்: இல்லை.
களிம்பு, இருபத்து நான்கு.
ஓட்டுத் துண்டை எந்த நிரலில் எழுதுவதென்று தெரியாமல்
பஞ்சில் சுற்றிப் பையில் வைத்தேன்.

குவாட்டர்ஸ் வாசலில் கரண்ட் இல்லை.
பூட்டினபடியே கிடந்தது.
களிம்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப்
பைக்குள் கையை விட்டுத் துழாவினேன்.
முதலில் ஓடு பட்டது.
சாவி அகப்படும்வரை
முபீத் விளக்கை அணைக்காமல் நின்றார்.